பிறர் வீட்டில் ஓராண்டு

பிரெஞ்சு மொழியில் ‘ஓ பேர்’ என்றொரு சொற்றொடர் உண்டு. ‘சமநிலையில்’ என்பது அதன் பொருள். வேற்று நாட்டிலிருந்து வரும் ஓர் இளம்பெண் ஒரு குடும்பத்தாரோடு அவர்கள் வீட்டிலேயே தங்குகிறாள். அவர்களுடைய குழந்தைகளைக் கவனித்துக்கொள்கிறாள். அதற்கு ஈடாக உணவும் உறைவிடமும் சிறிது கைச்செலவுப் பணமும் பெறுகிறாள். கூடவே அந்நாட்டு மொழியையும் வாழ்க்கையையும் கற்கிறாள். இந்த ஏற்பாட்டுக்கு ‘ஓ பேர்’ என்று பெயர். அந்தப் பெண்ணையும் அப்பெயராலேயே அழைக்கிறார்கள். இளைஞர்களும் இவ்வாறு செல்வதுண்டு. எனினும் செல்வோரில் பெரும்பாலோர் பெண்களே ஆதலின், இப்பேச்சில் ‘அவள்’ என்றே சொல்லிச் செல்கிறேன்.

“இதற்கு ஏன் பிரெஞ்சுப் பெயர்? ஆயா என்று சொன்னால் போதாதோ?” என்று உங்களில் சிலர் கேட்கலாம். போதாது. (ஆயா என்பதும் நம் சொல் அன்று, போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொல்.) ஆயா சம்பளம் பெற்று வேலை செய்பவள். ஓ பேர் பெண்ணோ, அவளைப்பற்றி ஏற்பட்ட ஐரோப்பிய உடன்படிக்கை கூறுவதுபோல, மாணவர் வகையிலும் சேராதவள், தொழிலாளர் வகையிலும் சேராதவள், இரண்டின் இயல்பும் ஓரளவு உடைய தனி வகையினள். இந்த ஏற்பாட்டின் இனிமை இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் இருக்கிறது. இதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

இதன் வேர்கள் பழையவை. ஸ்விட்ஸர்லாந்தில் ஜெர்மன் பேசும் பகுதியைச் சேர்ந்த பெண்கள், பிரெஞ்சு பேசும் பகுதிக்குச் சென்று ஒரு குடும்பத்தில் ஓராண்டு தங்கி, வீட்டு வேலைக்கு உதவியபடியே பிரெஞ்சு கற்று வருவது நெடுங்கால வழக்கம். இரண்டாவது உலகப் போர் 1945இல் முடிந்த பிறகு இவ்வழக்கம் ஐரோப்பா எங்கும் பரவியது. நடுத்தர வீடுகளில் வேலையாட்களை வைத்துக்கொள்வது அரிதாயிற்று; இளம்பெண்களுக்கோ அயல்நாடு காணும் ஆவல் பெருகிற்று. இரு தேவைகளும் ஒன்றையொன்று தேடிக்கொண்டன. தேடியவர் எல்லோரும் நல்லவர்களாக வாய்த்துவிடவில்லை. ஆகவே 1969ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ஐரோப்பிய மன்றம் ஓர் உடன்படிக்கையை வகுத்தது. வீட்டுப் பணி பொதுவாக நாள் ஒன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேற்படலாகாது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு வேண்டும். மொழி வகுப்புக்குச் செல்ல நேரம் தரவேண்டும். இரு திறத்தாரின் உரிமையும் கடமையும் எழுத்தில் இருக்கவேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. அந்த எழுத்து, கூடுமானவரையில், பெண் தன் நாட்டை விட்டுப் புறப்படும் முன்பே முடிவாகவேண்டும் என்றும் சொல்லிற்று. உடன்படிக்கை முழுவதிலும் எனக்குச் சிறந்ததாகத் தோன்றுவது இந்த வரிதான். கடல் கடந்து வந்து, பெட்டியைப் பிறர் வீட்டில் இறக்கி வைத்த பிறகு ஒரு பெண் என்ன பேரம் பேச முடியும்?

இதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு பழைய சான்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில், தாயகம் திரும்பும் வெள்ளைக் குடும்பங்கள் கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்திய ஆயாக்களை உடன் அழைத்துச் சென்றன. இங்கிலாந்தில் இறங்கியதும் சிலர் கைவிடப்பட்டனர். திரும்பி வரச் செலவுக்குப் பணமில்லை, காட்டுவதற்கு ஒப்பந்தமும் இல்லை. அத்தகையோர் தங்குவதற்கு லண்டனின் ஹாக்னி பகுதியில் ‘ஆயாக்கள் இல்லம்’ என்றே ஒரு விடுதி இருந்தது. 2022ஆம் ஆண்டில் அக்கட்டடத்தில் நினைவுப் பலகை ஒன்று பதித்திருக்கிறார்கள்.

இனி, ஒரு குடும்பம் ஓ பேர் பெண்ணைத் தேடும் முறையைப் பார்ப்போம். ஜெர்மனியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாய், தந்தை இருவரும் அலுவலகம் செல்கின்றனர். ஏழு வயதில் ஒரு பையன், நான்கு வயதில் ஒரு பெண்.

அவர்கள் முதலில் தங்கள் வீட்டைத்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். வருபவளுக்கு வீட்டுக்குள்ளேயே தனி அறை கொடுக்க இயலுமா? கூடத்தின் மூலையில் திரை கட்டிவிடுவது அறை ஆகாது. அடுத்தது, எதற்காக அழைக்கிறோம் என்ற கேள்வி. ஜெர்மன் விதிகளின்படி ஓ பேர் பெண்ணின் பணி வாரத்துக்கு 30 மணி; ஒரு நாளில் 6 மணிக்கு மேல் கூடாது. குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுதல், அவர்களோடு விளையாடுதல், எளிய சிற்றுண்டி தயாரித்தல், வீட்டை ஒழுங்காக வைக்க உதவுதல் ஆகியவை அதில் அடங்கும். நோயுற்ற பாட்டிக்குப் பணிவிடை செய்வது அதில் அடங்காது. வீடு முழுவதையும் துடைத்து மெழுகும் ஆள் வேண்டுமென்றால், அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கவேண்டும்.

செலவையும் கணக்கிடவேண்டும். கைச்செலவுப் பணம் மாதத்துக்கு 280 யூரோ. மொழி வகுப்புக்குக் குடும்பத்தின் பங்காக மாதத்துக்கு 70 யூரோ. நோய்க்கும் விபத்துக்கும் காப்பீட்டுக் கட்டணம் குடும்பத்தாருடையதே. ஓராண்டு தங்குபவளுக்கு நான்கு வார விடுமுறை. விடுமுறையிலும் கைச்செலவுப் பணம் நிற்காது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருபவள் 18 வயது நிரம்பியவளாகவும், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயது நிரம்பாதவளாகவும் இருக்கவேண்டும். ஜெர்மன் மொழியில் தொடக்க நிலைத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். இந்தியாவிலிருந்தும் இவ்வாறு செல்ல வழியிருக்கிறது. அந்தத் தேர்வைச் சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனிலேயே எழுதலாம்.

விதிகளில் ஒன்று சிந்தனைக்குரியது. ஜெர்மனியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண்ணை ஓ பேராக வரவழைக்க முடியுமா? முடியாது. குடும்பத்தாரின் தாய்மொழி ஜெர்மன் அல்லவெனில், வீட்டில் ஜெர்மன் பேசப்படவேண்டும். வரும் பெண்ணும் அவர்களுடைய சொந்த நாட்டினளாக இருத்தல் கூடாது. முதற் பார்வையில் இது கடுமையாகத் தோன்றும். ஆனால் வீடு முழுவதும் தமிழே ஒலிக்குமானால் அவள் ஜெர்மன் கற்பது எப்போது? கற்பதற்காக வந்தவள் என்ற காரணத்தினால்தானே அவளுக்குச் சம்பளம் இல்லை? கற்பது நின்றால், எஞ்சுவது குறைந்த கூலி மட்டுமே.

தேடும் வழிகள் பல. முகவர் நிலையங்கள் உண்டு. குடும்பங்களும் பெண்களும் நேரே ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இணையதளங்கள் உண்டு. முகவர் நிலையம் இரு பக்கத்துப் பத்திரங்களையும் சரிபார்க்கும். பின்னால் மனத்தாங்கல் வந்தால் நடுவில் நின்று பேசும். ஜெர்மனியில் அந்நிலையம் பெண்ணிடமிருந்து 150 யூரோவுக்கு மேல் வாங்குதல் சட்டப்படி கூடாது. நேரே தேடுவது செலவு குறைந்த வழி. மோசடிக்காரர்களும் அங்கே மிகுதி. அழகான வீட்டின் படத்தைக் காட்டி, “விசாவுக்காக முதலில் இவ்வளவு பணம் அனுப்பு” என்று எழுதுகிறவர்கள் குடும்பமே அல்லர். உண்மையான குடும்பம் பெண்ணிடம் பணம் கேட்பதில்லை.

ஒருவரையொருவர் தெரிந்தெடுக்கும் கட்டத்தில்தான் கவனம் மிக வேண்டும். முன்னாளில் கடிதம் ஒன்றே வழி; இந்நாளில் திரையில் முகம் பார்த்தே பேசுகிறார்கள். “உனக்குக் குழந்தைகள் என்றால் பிரியமா?” என்று கேட்பதில் பயனில்லை. பிரியமில்லை என்று யார் சொல்வார்கள்? “நீ கடைசியாக ஒரு குழந்தையைத் தனியே பார்த்துக்கொண்டது எப்போது? அது சாப்பிட மறுத்தபோது என்ன செய்தாய்?” என்று கேட்டால், பதிலில் மெய் தெரியும். அவள் முன்பு குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட வீட்டாரிடமும் விசாரிக்கவேண்டும். பெற்ற பிள்ளைகளை முன்பின் அறியாத ஒருத்தியின் கையில் ஒப்படைப்பது சிறு காரியம் அன்று. குடைந்து கேட்கும் தாயைச் சந்தேகப் பேர்வழி என்று சொல்லலாகாது. குழந்தைகளும் அவளோடு சற்றுப் பேசட்டும். நான்கு வயதுக் குழந்தை திரைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். அப்போது அவள் சிரிக்கிறாளா, சலிக்கிறாளா என்பதைப் பார்க்கலாம்.

அவ்வளவு உரிமையும் பெண்ணுக்கும் உண்டு. அவள் கேட்கவேண்டிய கேள்விகளில் ஒன்றை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: “எனக்கு முன் உங்கள் வீட்டில் இருந்த பெண்ணோடு நான் பேசலாமா?” மனம் தூய குடும்பம் உடனே முகவரியைக் கொடுக்கும். தயங்குமானால், முந்தியவள் ஏன் பாதியில் போனாள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்திடக் கூடாது.

வாரத்தின் நேரப் பட்டியலை இருவரும் சேர்ந்து தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. காலை 7 முதல் 9 வரை, மாலை 4 முதல் 7 வரை என்றால் நாளுக்கு 5 மணி. ஐந்து நாட்களுக்கு 25 மணி. சனிக்கிழமை இரவு பெற்றோர் நாடகம் பார்க்கச் செல்கின்றனர். குழந்தைகள் தூங்கும் வீட்டில் அவள் நான்கு மணி நேரம் காவலிருக்கிறாள். அதுவும் பணிதான். ஆக 29 மணி. வாரத்தில் மிச்சம் ஒரே ஒரு மணி. தாளில் எழுதாத குடும்பத்துக்கு இந்தக் கணக்கு தெரிவதேயில்லை. “குழந்தைகள் தூங்கத்தானே செய்கின்றன?” என்று எண்ணி, ஞாயிறு மாலையும் அவளை நிறுத்திவைப்பார்கள்.

இங்கேதான் ‘குடும்பத்தில் ஒருத்தி’ என்ற இனிய சொல் இரு பக்கமும் வெட்டுகிறது. ஒரே மேசையில் உணவு, பிறந்த நாளுக்குப் பரிசு, குளிர்காலத்தில் சளி பிடித்தால் சூடான பானம் என்ற வகையில் அது மெய். ஆனால், “நீ எங்கள் வீட்டுப் பெண்தானே, இதைக்கூடச் செய்யக் கூடாதா?” என்று அதே சொல்லைத் திருப்பிக் கேட்கும்போது அவளால் மறுக்க இயலாது. வேலைக்காரியாயிருந்தால் கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்பாள். மகளாயிருந்தால் முகம் சுளித்து, “மாட்டேன், அம்மா” என்பாள். இவளுக்கு இரண்டுக்கும் வாயில்லை. ஒப்பந்தத்தாள் அவளுக்கு அந்த வாயைக் கொடுக்கிறது.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் இந்தத் திட்டம் 1986இல் தொடங்கிற்று. அங்கே வாரத்துக்கு 45 மணி வரை பணி. மூன்று மாதம் நிரம்பாத குழந்தையை அவளிடம் தனியே விடலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையென்றால் அவளுக்கு முன்பே 200 மணி நேரப் பழக்கம் இருந்தாக வேண்டும். இவை நல்ல விதிகள். ஆனால் வாரத்துக்கு 195 டாலர் 75 சென்ட் என்ற குறைந்தபட்சத் தொகையையே எல்லா நிலையங்களும் ஒரே தொகையாகச் சொல்லிவந்தன என்று கொலராடோ மாநிலத்தில் 2014இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2019இல் பதினைந்து முகவர் நிலையங்கள் சேர்ந்து 6 கோடியே 55 லட்சம் டாலர் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு அவ்வழக்கைச் சமரசமாக முடித்தன. பிலிப்பைன்ஸ் அரசு, தன் நாட்டுப் பெண்கள் கொடுமைக்கு ஆளாகின்றனர் என்று 1998இல் ஐரோப்பாவுக்கு ஓ பேராகச் செல்வதையே தடுத்து, பின்னர் 2012இல் தடையை நீக்கியது. பிரிட்டன் 2008இல் தன் ஓ பேர் விசாவை எடுத்துவிட்டது. நார்வே, பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற பெயரில் மலிவான உழைப்பே நடக்கிறது என்று சொல்லி, ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியேயிருந்து வருவோருக்கு 2024 மார்ச்சில் கதவை அடைத்தது. நல்ல முறையில் வாழ்ந்த குடும்பங்களும் பெண்களும் இதனால் வழியிழந்தது வருத்தத்துக்குரியது. ஆயினும் அந்த அரசு சொன்ன குறை பொய்யென்று கூற முடியவில்லை.

எவ்வளவு கவனமாகத் தெரிந்தெடுத்தாலும் சில சமயம் பொருந்தாமற் போகும். உணவு ஒத்துவராது, குழந்தை நெருங்காது, ஊர் நினைவு வாட்டும். அதற்காக யாரையும் குற்றவாளி ஆக்கவேண்டுவதில்லை. இரண்டு வார அறிவிப்புக் கொடுத்துப் பிரிந்துகொள்ளலாம் என்று ஐரோப்பிய உடன்படிக்கையே வழி வகுத்திருக்கிறது. பெண் வேறு குடும்பத்தைத் தேடிக்கொள்ளலாம். முகவர் நிலையத்தின் பயன் அப்போதுதான் தெரியும்.

பொருந்திவிட்டால் ஓராண்டு விரைவில் ஓடிவிடும். ஜெர்மனியில் ஒருத்தி ஒரு முறைதான் ஓ பேராக இருக்கலாம், அதுவும் ஓராண்டே. பிறகு அவள் ஊர் திரும்புவாள். அல்லது கற்ற மொழியைக் கொண்டு அங்கேயே தொழிற்பயிற்சிக்கோ கல்லூரிக்கோ விண்ணப்பிப்பாள். குடும்பம் மறுபடியும் தேடத் தொடங்கும். இப்போது ஒரு வசதி உண்டு: போகிறவளையே ஒரு குறிப்பு எழுதிவைக்கச் சொல்லலாம். பையனுக்குக் கணக்கு வராத நாட்களில் என்ன செய்யவேண்டும், சிறுமி எந்தப் பொம்மை இல்லாமல் உறங்கமாட்டாள், மொழி வகுப்புக்கு எந்த டிராம் வண்டியில் ஏறவேண்டும், வீட்டு அம்மாள் எந்த நேரத்தில் பேச்சுக்கு இசைவாள் என்றெல்லாம் அவள் எழுதிவைப்பாள். அடுத்தவள் தன் ஊரிலிருந்து புறப்படும் முன்பே அக்குறிப்பு அவள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.