கஸ்டமர் கேருக்கு போன் போடும் முன்

மூணு வட்டி என்றாலே ஊரில் வாயைப் பிளப்பார்கள். அதே ஆட்கள், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டில் பொடி எழுத்தில் கிடக்கும் ‘மாதம் 3.5 சதவீதம்’ என்பதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வருடத்துக்கு 42 சதவீதம். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி.

கார்டு வட்டிக்கு ஆண்டுக்கு 30 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்து 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது. வங்கிகள் விடவில்லை. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. வட்டி அளவுக்கு மீறக் கூடாது என்கிற ரிசர்வ் வங்கியும் இத்தனை சதவீதம்தான் என்று எல்லை போடவில்லை. ஆக, குறைத்துக் கொடு என்று கார்டுக்காரர்தான் கேட்டாக வேண்டும்.

எதைக் கேட்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். “வட்டியைக் குறைங்க” என்றால், “சிஸ்டத்தில் அந்த ஆப்ஷன் இல்லை சார்” என்று பதில் வரும். பெரும்பாலும் அது உண்மைதான். கார்டின் வட்டி விகிதத்தை மாற்றும் அதிகாரம் போனை எடுப்பவரிடம் இருக்காது. பாக்கித் தொகையைக் குறைந்த வட்டியில் இஎம்ஐயாக மாற்றும் வசதியோ அவர் கணினியிலேயே இருக்கும். கேட்க வேண்டியது அதைத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பாக்கி 80,000 ரூபாய். 3.5 சதவீதத்தில் முதல் மாத வட்டி 2,800, ஜிஎஸ்டி 504. ஒருவர் 4,000 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது வெறும் 696 ரூபாய். புதிதாக எதுவும் வாங்காமல் மாதாமாதம் இதே 4,000ஐக் கட்டினாலும் கடன் தீர 44 மாதம் ஆகும். கட்டியது மொத்தம் 1,72,000ஐத் தாண்டியிருக்கும். அதே பாக்கியை ஆண்டுக்கு 16 சதவீதத்தில் 24 மாத இஎம்ஐயாக மாற்றினால் தவணை சுமார் 3,917 ரூபாய். ஜிஎஸ்டியையும் சேர்த்து மொத்தம் 97,000க்குள் முடிந்துவிடும். கையை விட்டுப் போகும் மாதப் பணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மிச்சம் முக்கால் லட்சம்!

இந்தக் கணக்கைத் தன் பாக்கிக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வதுதான் முதல் வேலை. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதும் அதில் இருக்கட்டும். பேசும்போது வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டு, மூன்றாம் மாதம் தவணை தவறினால் எல்லாம் வீண். கடன் மதிப்பெண்ணையும் பார்த்துவிட வேண்டும். சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. 750க்கு மேல் இருந்தால் குரலில் தானாகத் தெம்பு வரும். பாக்கியைத் தன்னிடம் மாற்றிக்கொள்ளும் பாலன்ஸ் டிரான்ஸ்ஃபருக்கு வேறு வங்கி சலுகை அனுப்பியிருந்தால் அந்த எண்ணும் தாளில் ஏறட்டும். வங்கிக்காரரிடம் எடுபடுவது கெஞ்சலைவிட இதுதான்.

கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு மட்டுமே அழைக்க வேண்டும், அதுவும் டியூ டேட்டுக்கு முன்பே. கூகுளில் தேடிக் கிடைத்த ‘கஸ்டமர் கேர்’ எண்ணில் பேசிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

“மேடம், இத்தனை வருஷமா டியூ தவறினதில்லை. இந்த பாக்கியை 24 மாச இஎம்ஐ ஆக்கணும். இன்னொரு பேங்க்ல 14 சதவீதம் சொல்றாங்க. நீங்க என்ன தருவீங்க?” இவ்வளவு போதும். சொந்தக் கதை, சோகக் கதை தேவையில்லை. அவர் 18 என்றால் உடனே தலையாட்டாமல், “சூப்பர்வைசர்கிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா?” என்று காத்திருக்கலாம்.

“ஒரு பர்சன்ட்தான் சார்” என்று குழைவாகச் சொன்னால் உஷாராக வேண்டும். அது ஃபிளாட் வட்டியாக இருக்கலாம். அடைத்த அசலுக்கும் சேர்த்துக் கடைசி வரை வட்டி போடும் முறை அது. 24 மாதத்துக்கு அதன் உண்மை விகிதம் ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டும். “ரெட்யூசிங்கா, ஃபிளாட்டா?” என்று கேட்டுவிட்டு, பிராசசிங் ஃபீயையும் முன்கூட்டியே அடைத்தால் வரும் கட்டணத்தையும் விசாரிக்க வேண்டும். ‘செட்டில்மென்ட்’ என்ற சொல் வந்தால் அது வேறு விவகாரம்: ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடிப்பார்கள், ஆனால் அந்தக் குறிப்பு கடன் அறிக்கையில் ஏறி, நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது குறுக்கே நிற்கும்.

“கார்டையே குளோஸ் பண்ணிடுவேன்” என்ற மிரட்டலும் பாக்கி இருக்கும்வரை செல்லாது. பாக்கி முழுதும் அடைத்தவர் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

பேசி முடித்ததும் ரெஃபரன்ஸ் நம்பரை வாங்கி, ஒப்புக்கொண்ட வட்டியை மின்னஞ்சலில் கேட்டுப் பெற வேண்டும். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் அதே தொகைக்குப் பழைய வட்டி விழுந்திருந்தால் எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்; அதற்குக் கட்டணம் கிடையாது.