உஷார்! பையனையும் கவனிங்க!

திண்டுக்கல் அம்மாக்களே, அப்பாக்களே, கொஞ்சம் நில்லுங்க!

பொண்ணு வர அரை மணி நேரம் தாமதமானால் பதறிப் போய் போன் மேல் போன் போடுகிறோம். பையன் ராத்திரி பதினோரு மணிக்கு நாகல்நகரில் யாரோடு நிற்கிறான்? கேட்டோமா? "ஆம்பளப் புள்ள, அவனுக்கென்ன!" ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

பொள்ளாச்சி ஒன்றும் தூர தேசமில்லை. பழனி, உடுமலை தாண்டினால் வந்துவிடும். 2019 பிப்ரவரியில் அங்கே ஒரு கல்லூரி மாணவி, தெரிந்த பையன்தானே என்று நம்பிக் காரில் ஏறினாள். கூட்டாளிகளும் ஏறினார்கள். அத்துமீறினார்கள். வீடியோ எடுத்தார்கள். அதைக் காட்டியே மிரட்டினார்கள். அவள் வீட்டில் சொன்ன பிறகுதான் தெரிந்தது, சிக்கியவள் அவள் ஒருத்தி மட்டுமில்லை!

அந்தப் பசங்களுக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம்? "வெளியே சொன்னா குடும்ப மானம் போயிடும், வாயைத் திறக்க மாட்டாளுங்க." நாம் கட்டிக்காக்கும் மானத்தையே ஆயுதமாக்கினார்கள். கொடுமை என்னவென்றால், புகார் கொடுத்தவளின் பெயரைப் போலீஸ் அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார்!

2025 மே 13. கோவை மகளிர் நீதிமன்றம். அந்த வழக்கில் சிக்கிய ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. ஒன்பது வீட்டுப் பிள்ளைகள்! நினைத்துப் பாருங்க.

இந்த அறிகுறி ஏதாவது உங்கள் பையனிடம் தெரிகிறதா? நீங்கள் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்க்கிறான். பெண்களை "ஃபிகரு", "ஐட்டம்" என்றே பேசுகிறான். "ஆம்பளையா நீ? அவ நம்பரை வாங்கிக் காட்டுடா" என்று உசுப்பேற்றும் சேர்க்கை. மாட்டேன் என்ற பொண்ணை "திமிரு புடிச்சவ, பாத்துக்கிறேன்" என்கிறான். நம்ம சாதிப் பொண்ணென்றால் மானம், அடுத்த தெருப் பொண்ணென்றால் விளையாட்டு என்ற பேச்சு. இந்தக் கடைசி விஷத்தைப் பெரும்பாலும் வீட்டில்தான் கற்றுக்கொள்கிறான், கோபப்படாதீங்க.

உலகம்பட்டி ஜல்லிக்கட்டில் காளையை அணைத்தவன் என்று பெருமைப்படுகிறோம். சரி. ஒரு பொண்ணு முடியாது என்றால் திரும்பி நடக்கச் சொல்லிக் கொடுத்தோமா?

தம்பிகளா, உங்களுக்கும்தான்! "நான் தொடலையே, கார்தான் ஓட்டினேன்" என்று தப்ப முடியாது. கூட்டு பலாத்காரத்தில் உடந்தையாக இருந்த ஒவ்வொருவரும் குற்றவாளிதான். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் ஆபாசப் படத்தை அழிக்காமல், புகாரும் சொல்லாமல் போனில் வைத்திருந்தாலே மாட்டுவீர்கள். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது.

மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீங்க, வீடியோவுக்குப் பயந்து ஒளியாதீங்க. சைபர் புகாருக்கு 1930, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இன்றைக்கே எழுதிச் சுவரில் ஒட்டுங்க. இன்று ராத்திரி பையன் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்க.