ஜப்பானிய உணவகத்தில் 'காய்கறி உணவு' சைவமா? தில்லியில் உணவருந்துவோர் கேட்க வேண்டிய கேள்விகள்

புதுதில்லி: ஜப்பானிய உணவகத்தில் பெரும்பாலான விருந்துகளில் இடம்பெறுவது ஒரு கிண்ணம் மிசோ சூப். சோயா விழுதின் பழுப்பு நிறம், சிறு சதுரங்களாக வெட்டிய டோஃபு, நறுக்கிய வெங்காயத்தாள், சிறிது கடற்பாசி. கண்ணுக்குத் தெரியும் அனைத்தும் தாவரப் பொருள்களே. ஆயினும், மரபான முறையில் தயாரிக்கப்பட்ட மிசோ சூப் சைவ உணவு அன்று. அதன் அடிநீரில் மீனின் சாறு இறங்கியிருக்கும். மீன் மட்டும் வடிகட்டி நீக்கப்பட்டிருக்கும்.

ஜப்பானிய உணவு என்றவுடன் இந்தியர்கள் பலருக்கு எழும் முதல் தயக்கம் பச்சை மீனைப் பற்றியது. ஆனால் பச்சை மீன் தட்டில் வெளிப்படையாக இருக்கிறது. வேண்டாதவர் அதைத் தவிர்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் மீன் சாறுதான் சைவ உணவினரும், விரதம் இருப்போரும், மீன் ஒவ்வாமை உடையோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

ஆர்.கே.புரத்தில் ஏன் இந்தக் கேள்வி?

தெற்கு தில்லியின் ஆர்.கே.புரம் எனப்படும் ராமகிருஷ்ணபுரம், மத்திய அரசு ஊழியர்களுக்காக உருவாக்கப்பட்ட குடியிருப்புப் பகுதி. தில்லித் தமிழர்களின் பொது வாழ்வில் முக்கிய இடம் வகிக்கும் தில்லித் தமிழ்ச் சங்கமும், மலை மந்திர் என்று அழைக்கப்படும் சுவாமிநாத சுவாமி கோயிலும் இங்குதான் உள்ளன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இப்பகுதியில் இயங்குகிறது. கார்த்திகைக்கும் சஷ்டிக்கும் விரதம் இருக்கும் குடும்பங்கள் இங்கு ஏராளம்.

அதே ஆர்.கே.புரத்தை ஒட்டி, ரிங் ரோடு ஓரத்தில் உள்ள பிகாஜி காமா பிளேசின் ஹயாத் ரீஜென்சி ஓட்டல், சூடான இரும்புத் தகட்டில் விருந்தினர் முன்னிலையில் சமைக்கும் 'தெப்பன்யாக்கி' முறைக்கு அறியப்பட்டது. சிறிது தொலைவில் உள்ள சாணக்கியபுரியில்தான் ஜப்பானியத் தூதரகம் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் நட்சத்திர ஓட்டல்களுக்குள் மட்டுமே இருந்த சுஷியும் ராமனும் இன்று வணிக வளாகங்களிலும், வீட்டுக்கே கொண்டுவந்து தரும் செயலிகளிலும் கிடைக்கின்றன. பிறந்தநாள், பதவி உயர்வு போன்ற தருணங்களில் குடும்பத்தோடு ஜப்பானிய உணவகத்துக்குச் செல்வது தலைநகரில் புதுமையாக இல்லை. பாட்டி சைவம், பேரன் அசைவம் என ஒரே மேசையில் அமரும் குடும்பத்துக்கு, எதில் என்ன சேர்ந்துள்ளது என்பதே முதன்மையான கேள்வி.

தாஷி என்றால் என்ன?

சாம்பாருக்கும் ரசத்துக்கும் பருப்புத் தண்ணீர் எப்படியோ, ஜப்பானியச் சமையலுக்கு 'தாஷி' அப்படி. சூப், குழம்பு, தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த காய்கறி என எல்லாவற்றுக்கும் அடிப்படையாக அமையும் தெளிந்த நீர் அது.

பொதுவாக அது இரண்டு பொருள்களிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒன்று, 'கொம்பு' எனப்படும் தடித்த உலர் கடற்பாசி. மற்றொன்று, 'கட்சுவோபுஷி' எனப்படும் பதப்படுத்தப்பட்ட சூரை மீனின் சீவல். கடற்பாசியைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லச் சூடாக்கி, கொதி வருமுன் எடுத்துவிடுவர். பின்னர் மீன் சீவலைப் போட்டு, சிறிது நேரத்தில் வடிகட்டுவர். கிடைப்பது வெளிர் பொன்னிற நீர். அதில் மீனின் துணுக்கு ஒன்றும் தங்காது. சுவை முழுவதும் தங்கிவிடும்.

கட்சுவோபுஷி தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமான பொருளும் அன்று. சூரை மீனை வேகவைத்து, முள் நீக்கி, புகையூட்டி, கட்டைபோல் இறுகும்வரை உலர்த்துவது அதன் செய்முறை. உயர்ந்த வகைகளில் பூஞ்சை படரவிட்டுப் பதப்படுத்துவதும் உண்டு. மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் ஏறத்தாழ இதே முறையில் செய்யப்படுவதுதான், தென் தமிழகமும் இலங்கையும் நன்கறிந்த மாசிக் கருவாடு. இலங்கைச் சம்பலில் இடித்துச் சேர்க்கப்படும் மாசி எந்த வேலையைச் செய்கிறதோ, அதே வேலையை ஜப்பானியக் கிண்ணத்தில் கட்சுவோபுஷி செய்கிறது. மாசி போட்ட சம்பலை எவரும் சைவம் என்று சொல்வதில்லை. தாஷி சேர்ந்த சூப்புக்கும் அந்த அளவுகோலே பொருந்தும்.

மீன் ஏன் கணக்கில் வரவில்லை?

ஜப்பானிய உணவுப் பட்டியலில் 'காய்கறி' என்று குறிப்பிடப்படும் உணவில் மீன் சாறு இருப்பதை ஏமாற்று என்று கருத வேண்டியதில்லை. அதற்கு நீண்ட வரலாற்றுப் பின்னணி உண்டு.

கி.பி. 675-இல் பேரரசர் தென்மு, பௌத்த சமயத்தின் செல்வாக்கில் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்பதற்குத் தடை விதித்தார். மீன் அந்தப் பட்டியலில் இல்லை. பின்வந்த நூற்றாண்டுகளிலும் இறைச்சிக்குப் பலவகைக் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. 1872-இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்ட செய்தி வெளியானதே பெரும் மாற்றத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. தீவு நாடான ஜப்பானில் 'இறைச்சி தவிர்த்த உணவு' என்பது நெடுங்காலம் மீனை உள்ளடக்கியதாகவே இருந்தது.

இந்தியச் சைவ உணவின் எல்லை வேறு. இங்கு மீனும் முட்டையும் அசைவமே. ஒரே சொல்லுக்கு இரு நாடுகளில் இரு பொருள் இருப்பதுதான் மேசையில் எழும் குழப்பத்தின் வேர்.

எவற்றில் கவனம் தேவை?

கீழ்க்காண்பவை எந்தவொரு குறிப்பிட்ட உணவகத்தையும் பற்றியவை அல்ல. ஜப்பானியச் சமையல் மரபின் பொதுவான இயல்புகள்.

மிசோ சூப்: மிசோ விழுது சோயாவால் ஆனது. கரைக்கப்படும் நீர்தான் தாஷி.

உடோன், சோபா: கோதுமை நூடுல்ஸ், கோதுக் கோதுமை நூடுல்ஸ் ஆகியவற்றின் சாறு வழக்கமாகத் தாஷியில் செய்யப்படுகிறது.

ராமன்: மேலே காய்கறிகள் மட்டுமே இருந்தாலும், சாறு கோழி அல்லது பன்றி எலும்பில் காய்ச்சப்பட்டதாக இருக்கலாம்.

காய்கறி தெம்புரா: மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம். உடன் தரப்படும் சாறு தாஷி, சோயா சாஸ், மிரின் ஆகியவற்றின் கலவை. இறால் பொரித்த எண்ணெயிலேயே காய்கறியும் பொரிக்கப்படலாம்.

அகெதாஷி டோஃபு: பொரித்த டோஃபு. பெயரிலேயே தாஷி இருக்கிறது.

ஒகோனோமியாக்கி: முட்டைகோஸ் அடை. மேலே நெளிந்தாடும் மெல்லிய சீவல் மீனே.

மயோனைஸ் சேர்ந்த சுஷி உருண்டைகள்: ஜப்பானிய மயோனைஸில் முட்டையின் மஞ்சள் கரு உண்டு.

ஜப்பானியக் கறி: கடைகளில் விற்கப்படும் கறிக் கட்டிகள் பலவற்றில் விலங்குக் கொழுப்பு சேர்க்கப்படுகிறது.

மறுபுறம், தயக்கம் அதிகம் தேவைப்படாதவையும் உண்டு. உப்பிட்டு வேகவைத்த பச்சை சோயாக் காயான 'எடமாமே', வெள்ளரித் துண்டை வைத்துச் சுருட்டிய 'கப்பா மாக்கி', வெண்ணெய்ப் பழச் சுஷி ஆகியவை அவற்றுள் சில. சுஷி சோற்றில் சேர்வது காடி, சர்க்கரை, உப்பு ஆகியவையே. மரபான ஜப்பானிய இனிப்புகள் பலவற்றை இறுகச் செய்வது விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் அன்று. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர். ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் கடற்பாசியிலிருந்தும் அதே பொருள்தான் தயாரிக்கப்படுகிறது.

ஒவ்வாமை உடையோர் மேலும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. மிரின் என்பது இனிப்பு அரிசி மது. மதுவைத் தவிர்ப்போர் அதையும் கேட்டறிவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளின்படி மீனும், முட்டையும், விலங்கிலிருந்து பெறப்பட்ட பொருள்களும் சேர்ந்த உணவு அசைவம். பாலும் பால் பொருள்களும் தேனும் இதற்கு விலக்கு. எனவே மீன் தாஷி கலந்த சூப்பில் மீன் துண்டு இல்லை என்பதால் அது சைவமாகிவிடாது.

மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 மற்றும் அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் கொண்ட உணவகங்கள், கலோரி அளவுடன் சைவ, அசைவக் குறியீடுகளையும், ஒவ்வாமை தரும் பொருள்கள் பற்றிய தகவலையும் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. இவை 2022-இல் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வாமைப் பட்டியலில் மீன், முட்டை, ஓடுடைய கடலுயிரிகள், சோயா, கோதுமை உள்ளிட்ட தானியங்கள் ஆகியவை இடம்பெற்றுள்ளன.

இந்த ஒவ்வாமைத் தகவல் சைவ உணவினருக்கும் ஒரு துப்பாகப் பயன்படும். காய்கறி சூப் என்று பெயரிட்ட உணவின் அருகே 'மீன்' என்ற ஒவ்வாமைக் குறிப்பு இருந்தால், அதன் அடிநீரை விசாரிக்க வேண்டும் என்று பொருள்.

தில்லி உயர் நீதிமன்றமும் இது தொடர்பாகத் தெளிவாகப் பேசியுள்ளது. 2021 டிசம்பர் 9-ஆம் தேதி, நீதிபதிகள் விபின் சாங்வி, ஜஸ்மீத் சிங் ஆகியோர் அடங்கிய அமர்வு, உணவில் சேரும் பொருள்கள் தாவரத்திலிருந்து வந்தவையா, விலங்கிலிருந்து வந்தவையா என்பதை உணவு வணிகர்கள் முழுமையாக வெளிப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. விலங்குப் பொருள் எவ்வளவு சிறிய அளவில் இருந்தாலும் அந்த உணவு அசைவமே என்பதும், தாம் உண்பது என்ன என்பதை அறிவது அரசியல் சாசனத்தின் 21, 25-ஆம் பிரிவுகளோடு தொடர்புடைய உரிமை என்பதும் அந்த உத்தரவின் சாரம்.

சைவத் தாஷி சாத்தியமா?

சாத்தியம் மட்டுமன்று, அதற்குத் தனி மரபே உண்டு. ஜப்பானின் பௌத்த மடாலயங்களில் வளர்ந்த 'ஷோஜின் ரியோரி' சமையலில் இறைச்சியும் மீனும் இல்லை. பூண்டும் வெங்காயமும்கூட விலக்கப்படுகின்றன. ஜென் துறவி தோகென், மடத்துச் சமையற்காரரின் கடமைகளைப் பற்றி 1237-இலேயே நூல் எழுதினார். இம்மரபில் தாஷி, கொம்புக் கடற்பாசியிலிருந்தும் உலர்ந்த ஷிடாக்கே காளானிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

அதன் சுவை குறைந்ததன்று என்பதற்கு அறிவியல் காரணம் உள்ளது. கொம்புவின் சுவைக்கு அடிப்படை குளுட்டமேட் என்று 1908-இல் கண்டறிந்த வேதியியலாளர் கிகுனே இகேதா, அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். மீன் சீவலில் உள்ள இனோசினேட்டை 1913-இல் ஷின்தாரோ கொதாமா அடையாளம் கண்டார். உலர்ந்த ஷிடாக்கே காளானில் குவனிலேட் என்ற பொருள் உள்ளது. குளுட்டமேட்டுடன் இனோசினேட் சேர்ந்தாலும், குவனிலேட் சேர்ந்தாலும் சுவை பன்மடங்கு கூடும். மீன் செய்யும் வேலையைக் காளானும் செய்யும் என்பதே இதன் பொருள்.

சைவ, நனிசைவ உணவுகளுக்கும் அவற்றை வழங்கும் உணவகங்களுக்கும் ஜப்பான் அரசே 2022-இல் தேசியத் தர அளவீடுகளை வகுத்தது.

என்ன கேட்க வேண்டும்?

'இது சைவமா?' என்ற கேள்விக்கு 'ஆம், காய்கறிதான்' என்ற பதில் எளிதில் வந்துவிடும். அதைவிடப் பயனுள்ளவை மூன்று கேள்விகள்.

முதலாவது: இதன் சாறும் தொட்டுக்கொள்ளும் சாஸும் எந்தத் தாஷியில் செய்யப்பட்டவை? பொட்டலத் தூள் என்றால், அதில் மீன் உள்ளதா என்று உறையைப் பார்த்துச் சொல்லுமாறு கேட்கலாம்.

இரண்டாவது: மாவிலோ சாஸிலோ முட்டை உண்டா?

மூன்றாவது: பொரிக்கும் எண்ணெயும் இரும்புத் தகடும் தனியா, பொதுவா? தெப்பன்யாக்கி மேசையில் சமையல் கண்ணெதிரே நடப்பதால், தகட்டைத் துடைத்துவிட்டுக் காய்கறியை முதலில் சமைக்குமாறு கேட்பதற்கும் வாய்ப்பு உண்டு.

இக்கேள்விகளை முன்பதிவு செய்யும்போதே கேட்பது சிறந்தது. கடற்பாசியும் உலர் காளானும் ஊறுவதற்கு நேரம் தேவை. மேசையில் அமர்ந்தபின் கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் கிடைக்கக்கூடும். முந்தைய நாளே தெரிவித்தால் சைவத் தாஷியைத் தனியாகத் தயாரித்து வைக்க முடியும். ஜப்பானிய உணவு மரபான 'வாஷொக்கு' 2013-இல் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அம்மரபின் ஒரு கிளையை மீனே இல்லாமல் சுவைக்கும் வழி, தில்லியில் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்குகிறது.