உடம்பு சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்க!

"ஒண்ணுமில்லீங்க, லேசா தலைவலி. ஒரு மாத்திரை போட்டா சரியாப் போயிடும்!"

இந்த வாரத்தில் மட்டும் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? காலையில் தலைவலி, மத்தியானம் நெஞ்செரிச்சல், ராத்திரி மூணு மணிக்கு விழிப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாத்திரை. மூன்றும் ஒரே ஆசாமியின் மூன்று குரல்களாக இருக்கலாமே என்று யோசித்ததுண்டா?

நம்ம தமிழைக் கொஞ்சம் கவனியுங்கள். மனக்கவலையைச் சொல்லும்போது நாம் மனசைப் பற்றிப் பேசுவதே அபூர்வம். பரீட்சை ரிசல்ட் வரப்போகிறது என்றால் 'வயித்தைக் கலக்குது'. பிள்ளை வீடு திரும்ப நேரமானால் 'நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது'. திடீரென்று கெட்ட சேதி வந்தால் 'கை கால் ஓடலை'. பாட்டிமார் உடம்பைப் பார்த்தே மனசைப் படித்திருக்கிறார்கள்!

அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த வால்டர் கேனன் என்ற உடலியல் விஞ்ஞானி, பூனைகளின் வயிறு எப்படி இயங்குகிறது என்று எக்ஸ்ரே மூலம் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் போதும், அதன் வயிற்று அசைவு அப்படியே நின்றுவிட்டது. பயத்துக்கும் வயிற்றுக்கும் உள்ள இந்த உறவைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1915-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை நினைத்தவுடன், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, சேமித்து வைத்த சர்க்கரை ரத்தத்துக்கு வருகிறது. ஜீரண வேலை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒத்திவைக்கப்படுகிறது. பின்னாலேயே கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன். வரப்பில் பாம்பைக் கண்டு ஓட இதெல்லாம் அவசியம். ஓடி முடித்ததும் உடம்பு தானாகவே அடங்கிவிடும்.

ஆனால் பாம்பு போகாமல் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தால்?

அறந்தாங்கி, கீரமங்கலம், வடகாடு பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகள் அந்த ஒரே நாளில் சாய்ந்தன. புதிதாக வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் வேண்டும். அதுவரை பள்ளிக்கூட ஃபீஸ் நிற்குமா, வட்டிதான் நிற்குமா? புயல் அடித்தது ஒரு ராத்திரி. கவலை அடித்தது வருஷக்கணக்கில்! அப்படி ஒரு ராத்திரியைப் பார்த்தவருக்கு, பிறகு சாதாரணக் காற்றில் ஜன்னல் தடதடத்தாலும் நெஞ்சு துள்ளலாம். கோழைத்தனம் இல்லை அது. உடம்புக்கு நல்ல ஞாபகசக்தி, அவ்வளவுதான்.

புயல்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ சவூதியிலோ இருக்கிறார், வழக்கமாக வரும் போன் வரவில்லை. மாமியாருக்கு சர்க்கரை, பெண்ணுக்கு ப்ளஸ் டூ, சிலிண்டர் தீரப்போகிறது... தண்ணீர் வற்றிய போரில் அணைக்க மறந்த மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் காயில் என்ன ஆகும்? நம் உடம்பும் அப்படித்தான் சூடேறுகிறது.

சரி, இந்த வரியைப் படிக்கிறீர்களே, உங்கள் பல் வரிசை இரண்டும் கடித்தபடி இருக்கிறதா? தோள்கள் காதுப் பக்கம் ஏறியிருக்கிறதா? நெற்றி சுருங்கியிருக்கிறதா? பலருக்கு 'ஆமா' என்றுதான் பதில் வரும். நாள் முழுக்க இப்படித் தசையை இறுக்கி வைத்திருந்தால் சாயங்காலம் கழுத்தும் பின்மண்டையும் வலிக்காமல் என்ன செய்யும்? வயிற்று உப்புசம், மலச்சிக்கல், மாதவிலக்கு தள்ளிப்போவது, காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது... இவையும் அந்த மோட்டாரின் சத்தமாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் 'டென்ஷன்' என்று தள்ளிவிடுவது, எல்லாவற்றுக்கும் மாத்திரை போடுவதைவிட மோசம். படபடப்பும் அசதியும் ரத்தசோகையாலும் வரும், தைராய்டாலும் வரும். நெஞ்சில் பாரம், வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் 'கேஸ்தான்' என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே 108. பெண்களுக்கு நெஞ்சுவலி பெரிதாக இல்லாமலே, மூச்சு வாங்குவதும் குமட்டலும் மட்டுமாகவே மாரடைப்பு வரக்கூடும். அதோடு, உடம்பு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பி.பி. பெரும்பாலும் ஊமை. 140/90-ஐத் தாண்டி நின்றால்கூடப் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. முப்பது வயது தாண்டியவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருஷம் ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கைவைத்தியத்துக்கு வருவோம். இதயத்தை 'மெதுவா அடி' என்று அதட்ட முடியாது. வயிற்றை 'சுர' என்று கேட்கவும் முடியாது. நாம் கையாளக்கூடிய ஒரே கடிவாளம் மூச்சு. மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு லேசாக வேகம் கூடும், விடும்போது மெதுவாகும். வேகஸ் என்ற நீளமான நரம்பு செய்யும் வேலை இது. அப்படியானால், விடும் மூச்சை நீட்டினால் இதயத்துக்கு ஓய்வுதானே!

சாதாரணமாக நாம் நிமிஷத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது தடவை மூச்சு விடுகிறோம். மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டால் நிமிஷத்துக்கு ஆறு. 2001-ல் இத்தாலியின் பவியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பெர்னார்டியும் அவர் குழுவும் 23 பேரை வைத்துப் பார்த்தார்கள். லத்தீனில் ஜெபமாலை சொன்னபோதும் சரி, யோக மந்திரம் சொன்னபோதும் சரி, மூச்சு கிட்டத்தட்ட இந்த ஆறுக்கே வந்து நின்றது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்துக்கே இசைந்து ஏறி இறங்கின! திருவாசகமோ, ஜெபமோ, ஓதுதலோ... வாய்விட்டு நிதானமாகச் சொன்னால் மூச்சு நீளத்தான் செய்யும்.

உட்கார நேரமில்லை என்கிறீர்களா? இருக்கவே இருக்கிறது 'அப்பாடா!' குடத்தை இறக்கி வைத்ததும் நம்மையறியாமல் வருமே, அந்தப் பெருமூச்சு. 'ஏன் இப்படிப் பெருமூச்சு விடறே, வீட்டுக்கு ஆகாது' என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, விடுங்கள்! மூக்கால் இழுத்து, அதன்மேலேயே இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால் நீளமாக விடுவது. தினம் ஐந்து நிமிஷம் வீதம் ஒரு மாதம் இதைச் செய்தவர்களுக்கு மனநிலை மேம்பட்டதாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு 2023-ல் சொன்னது. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது சாப்பாடு. அறந்தாங்கிக்குப் பக்கத்தில்தான் ஆவுடையார்கோவில். அங்கே மூலஸ்தானத்தில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். சுடச்சுட புழுங்கலரிசிச் சாதத்தைக் கல்மேடையில் கொட்டிப் பரப்புவார்கள். எழும்பும் ஆவிதான் நைவேத்தியம். உருவமில்லாத சாமிக்கு உருவமில்லாத படையல். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். ஜீரணம் வயிற்றில் ஆரம்பிப்பதில்லை, மூக்கிலேயே ஆரம்பித்துவிடுகிறது. வாசனை பட்டதுமே எச்சில் ஊறுகிறது, இரைப்பை தயாராகிறது.

நம்ம வீட்டு அம்மா என்ன செய்கிறார்? எல்லாருக்கும் சுடச்சுடப் பரிமாறிவிட்டு, கடைசியில் ஆறிப்போன சாதத்தை அடுப்படியில் நின்றபடி நாலு வாய். ஒரு கண் பாலில், ஒரு காது டி.வி. சீரியலில். அப்புறம் 'எதைச் சாப்பிட்டாலும் எதுக்களிக்குதே' என்றால்? ஒரு வேளையாவது உட்காருங்கள். தட்டிலிருந்து ஆவி எழுவதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முதல் கவளம் எடுங்கள். வீட்டுக்காரர்களே, அந்த ஒரு வேளைக்குப் பரிமாறும் வேலை உங்களுடையது!

காபி விஷயம் சுருக்கமாக. அதிலுள்ள கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்கு டிகிரி காபி குடித்தால் பதினொரு மணிக்கும் பாதி காபி உள்ளே விழித்திருக்கும். மூன்று மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படுத்ததும் கால் விரலிலிருந்து தொடங்குங்கள். ஐந்து விநாடி நன்றாக இறுக்கி, சட்டென்று விடுங்கள். அப்புறம் கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், கடைசியில் முகம். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர் பல வருஷத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்த முறையை ஒட்டியது இது. இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே தளர்வும் தெரியும்? சுளுக்கோ வலியோ உள்ள இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். வெளிநாட்டு அழைப்புக்குக் காத்திருக்கிறவர்கள் மணிச் சத்தத்தை மட்டும் கூட்டி வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். 'செத்துப்போயிடலாம் போல இருக்கு' என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை ஒரு பேச்சு என்று விடாதீர்கள். ஆளைத் தனியே விடாமல் அன்றைக்கே உதவி தேடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பணம் செலவில்லாமல், தமிழிலேயே, எந்த நேரத்திலும் பேசலாம். ராத்திரி மூணு மணிக்கு விழிப்பு வந்தாலும்.