சக்கரம் பலகையைக் கடித்தால் ஆள் பறப்பான்! ஸ்கேட்போர்டு கேட்கும் ஆம்பூர் பசங்களுக்கு ஒரு எச்சரிக்கை

ஆம்பூர்:

"அப்பா, எனக்கு ஸ்கேட்போர்டு வேணும்!"

ஷூ கம்பெனியில் ஷிப்டு முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கும் தகப்பனிடம் பிள்ளை இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? "அந்தப் பலகை எதுக்குடா? கை கால் ஒடிஞ்சா புத்தூர் கட்டுக்கு யார் அலையறது?" என்று ஒரு அதட்டல் விழும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

தகப்பன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் ஆசையிலும் நியாயம் இருக்கிறது.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கான ஒரு பிரிவில் தங்கம் வாங்கிய ஜப்பான் சிறுமி மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. வெள்ளி வாங்கிய பிரேசில் சிறுமி ரைசா லீலுக்கும் 13 தான்!

நம் ஊர்ப் பெண்ணும் இதில் பெயர் வாங்கியிருக்கிறாள். மாமல்லபுரத்துச் சிறுமி கமலி, கவுன் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு பலகையில் பாய்ந்த படத்தை அமெரிக்காவின் பிரபல வீரர் டோனி ஹாக் உலகத்துக்கே காட்டினார். அவளைப் பற்றி 2019-ல் வந்த 'கமலி' என்ற குறும்படம் இங்கிலாந்தின் பாப்டா விருதுப் பட்டியல் வரை போனது.

பேரிங் வண்டியின் தம்பி

பழைய பேரிங் மூன்றை மெக்கானிக் ஷாப்பில் கெஞ்சி வாங்கி, கட்டையில் சொருகி, 'கடகட'வென்று தெருவையே அலற வைத்த பேரிங் வண்டி அப்பாமார்களுக்கு நினைவிருக்கும். அதன் தம்பிதான் இந்த ஸ்கேட்போர்டு.

ஆரம்பத்தில் அமெரிக்காவிலும் இரும்புச் சக்கரம்தான். பிறகு களிமண் கலந்து செய்த சக்கரம் வந்தது. சின்னக் கல் தட்டினாலும் சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஆள் மட்டும் முன்னால் போய் விழுவான்!

1970-களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்தி என்ற அமெரிக்க இளைஞர் பாலியூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்தார். அதன்பிறகு விளையாட்டே மாறிப்போனது.

பாலியூரித்தேன் என்றதும் மிரள வேண்டாம். ஷூ கம்பெனியில் 'பி.யு. சோல்' என்கிறார்களே, அந்த பி.யு.தான் இது!

மீட்டர் ஒன்றுதான்

சோல் எவ்வளவு கெட்டி என்று 'ஷோர் ஏ' மீட்டரை அழுத்திப் பார்ப்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த வேலை. ஸ்கேட்போர்டு சக்கரத்துக்கும் அதே கணக்குதான். சக்கரத்தின் மேல் 78ஏ, 99ஏ என்று அச்சடித்திருப்பார்கள். எண் ஏற ஏற கெட்டி அதிகம்.

99ஏ சக்கரம், 50 முதல் 54 மில்லிமீட்டர் உயரம் என்றால் அது வழவழப்பான சிமெண்டுத் தரையில் குதித்து வித்தை காட்டுகிறவர்களுக்கு. 78ஏ சக்கரம், 65 முதல் 75 மில்லிமீட்டர் என்றால் லாங்போர்டு எனப்படும் நீளப் பலகைக்கு. ஜல்லி பெயர்ந்த ரோட்டிலும் அதிர்வு தெரியாமல் ஓடும்.

நம் தெரு எப்படி இருக்கிறது என்று சொல்லவா வேண்டும்? பெரிய, மெத்தென்ற சக்கரம்தான் இங்கே சரிப்படும்.

இங்கேதான் ஆபத்து!

சின்னப் பலகையில் பெரிய சக்கரத்தை மாட்டினால் வந்தது வினை.

ஸ்கேட்போர்டுக்கு ஸ்டியரிங் கிடையாது. உடம்பைச் சாய்த்தால் பலகை சாயும், வண்டி திரும்பும். அதிகம் சாய்ந்தால் பலகையின் அடிப்பக்கம் சக்கரத்தில் போய் உட்காரும். சக்கரம் பலகையை 'கடித்து'விடும். அந்த நொடியே வண்டி நிற்கும். மேலே நிற்கிறவன் தலைகுப்புறப் பறப்பான்!

தடுக்க வழி இருக்கிறது. சக்கரத்தின் அச்சைத் தாங்கும் அலுமினிய உறுப்புக்கு 'டிரக்' என்று பெயர். டிரக்குக்கும் பலகைக்கும் நடுவில் ரப்பர் அட்டை வைத்து உயர்த்தலாம். அட்டை வைத்தால் போல்ட்டும் நீளமாக வாங்கவேண்டும். டிரக்குக்குள் இருக்கும் 'புஷ்' ரொம்ப லூசாக இருந்தாலும் சக்கரம் கடிக்கும். அதையும் முறுக்கி வைக்கவேண்டும்.

லாங்போர்டு பலகைகளில் பல, சக்கரத்துக்கு நேராக ஓரத்தை வெட்டியே வரும். அதில் இந்தத் தொல்லை குறைவு.

எதை எப்படி வாங்குவது?

பலகை: மேப்பிள் மரத்தின் 7 மெல்லிய ஏடுகளை ஒட்டி அழுத்தியதுதான் வழக்கமான பலகை. வித்தைப் பலகையின் அகலம் 8 அங்குலத்தை ஒட்டி இருக்கும். பொம்மைக் கடை பிளாஸ்டிக் பலகையை நம்பி ஏறவேண்டாம்.

டிரக்: இரண்டு வேண்டும். அச்சின் மொத்த நீளமும் பலகையின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. அச்சு குட்டையானால் பலகை தள்ளாடும். நீண்டுவிட்டால் சக்கரம் காலில் இடிக்கும்.

பேரிங்: சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு. இதன் நம்பர் 608. உள்வட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவட்டம் 22, கனம் 7. சின்ன மோட்டார்களிலும் இதே சைஸ் உண்டு. எனவே பேரிங் கடையில் நம்பரைச் சொன்னால் போதும். 'ஏபெக்' எண் பெரிதாக இருந்தால் வேகம் பிய்த்துக்கொண்டு போகும் என்பது விளம்பரப் பேச்சு. அந்த எண் அளவின் துல்லியத்தைத்தான் சொல்கிறது. தூசியும் தண்ணீரும் புகாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

மேல் காகிதம்: கால் வழுக்காமல் இருக்க ஒட்டுவது. பின்னால் பசை தடவிய எமரி பேப்பர் மாதிரிதான். ஷூவைத் தேய்த்துத் தின்றுவிடும். அதனால்தான் இந்த விளையாட்டுக்கு ஸ்வேட் தோல் ஷூ போடுகிறார்கள். ஸ்வேட் என்றால் என்ன என்று ஆம்பூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

ஸ்பேனர்: மூன்று சைஸ் போதும். சக்கர நட்டுக்கு அரை அங்குலம், டிரக்கின் நடு நட்டுக்கு 9/16, பலகை நட்டுக்கு 3/8. சக்கர நட்டை இறுக்கமாக முறுக்கிவிட்டு ஒரு துளி தளர்த்தவேண்டும். சக்கரம் தடையில்லாமல் சுற்றினால் சரி.

ஒரு நிமிட சோதனை

எல்லாம் மாட்டியாகிவிட்டதா? உடனே தெருவுக்கு ஓடக்கூடாது.

பலகையை மண்ணிலோ புல்லிலோ வைக்கவேண்டும். பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறி நின்று ஒரு பக்கமாக முழுக்கச் சாய்ந்து பார்க்கவேண்டும். பிறகு மறுபக்கம். இறங்கியதும் பலகையைப் புரட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சக்கரம் உரசிய தடம் இருக்கிறதா? அப்படியானால் வண்டி இன்னும் தயாராகவில்லை. ரப்பர் அட்டை வை, இல்லாவிட்டால் சின்னச் சக்கரம் மாற்று!

இன்னொரு விஷயம். இந்த வண்டிக்கு பிரேக் கிடையாது. ஒரு காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தவேண்டும். பலகையில் நிற்கப் பழகுவதற்கு முன் நிறுத்தப் பழகவேண்டும். லாரிகள் பறக்கும் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கமே போகக்கூடாது. ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, ஒரு கை பார்க்கலாமே என்ற நினைப்பே வேண்டாம். எதிரே பஸ் வந்தால் கால் பிரேக் என்ன செய்யும்?

லீவு நாளில் காலியாகக் கிடக்கும் பள்ளிக்கூட சிமெண்டுத் தரை போதும், அனுமதி கேட்டுக்கொண்டு. தலையில் ஹெல்மெட், மணிக்கட்டுக்கும் முட்டிக்கும் காப்பு கட்டாயம். கையில் இருக்கும் பணத்தில் ஹெல்மெட்டுக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் பலகை பார்க்கலாம்.

வீட்டில் அப்பா இனி செய்யவேண்டியது ஒன்றுதான். அதட்டுவதை விட்டுவிட்டு, பையனோ பெண்ணோ வாங்கி வந்த சக்கரத்தை விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். சோலைத் தொட்டே கெட்டி சொல்லும் கை, சக்கரத்தையும் சரியாகச் சொல்லும்.