‘அரசு அங்கீகாரம் பெற்றது’... போர்டைப் பார்த்து ஏமாறாதீங்க!

ஆடிச் சனிக்கிழமை என்றால் தேனி மாவட்டம் குச்சனூரில் கால் வைக்க இடம் இருக்காது. சுரபி நதியில் தலை முழுகி, எள் தீபம் ஏற்றி, சுயம்பு சனீஸ்வரர் முன்னால் நிற்கிற கூட்டத்தில் ஆளுக்கு ஒரு கஷ்டம். வேலை கிடைக்காதவர், கல்யாணம் தள்ளிப் போகிறவர், கடன் கழுத்தை நெரிக்கிறவர். கூடவே, ‘எங்க வீட்டுக்காரர் குடியை விடணும் சாமி’ என்று கண் கலங்கி நிற்கிற பெண்கள். இதே கோயிலில் சோணைக் கருப்பணசாமிக்கு மது பாட்டில் படைக்கிற வழக்கமும் உண்டு. சாமிக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் படையல். சில வீடுகளில் தினம் தினம் பாட்டில் திறக்கப்படுகிறது.

அப்படி வேண்டிக்கொண்ட ஒரு அக்கா, கோயிலை விட்டு வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு நோட்டீஸ் கிடைக்கிறது. ‘குடி, கஞ்சா, மாத்திரை... எல்லாப் போதைக்கும் 100 சதவிகிதத் தீர்வு. வாகன வசதி உண்டு. அரசு அங்கீகாரம் பெற்றது.’ மேலே அசோகச் சின்னம், கீழே ஐ.எஸ்.ஓ. முத்திரை.

அக்காவின் கண்ணில் வேறெதுவும் படாது. ‘அரசு’ என்ற ஒரு சொல் போதும். நகையை அடகு வைத்தாவது பணம் கட்டி, வீட்டுக்காரரை அனுப்பி வைத்துவிடுவார்.

அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்த அரசு அலுவலகம், எந்த வேலைக்காகக் கொடுத்த அங்கீகாரம்?

பதிவு வேறு, அனுமதி வேறு

மையத்துக்காரரிடம் கேட்டால் ஒரு ஃபைலையே எடுத்து நீட்டுவார். அதில் உள்ள காகிதங்கள் பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆனால், அவை சொல்வது வேறு.

அறக்கட்டளைப் பத்திரம்: சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது. இப்படி ஒரு டிரஸ்ட் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று.

12ஏ, 80ஜி: வருமான வரித்துறை தருபவை. டிரஸ்ட்டுக்கும் நன்கொடை கொடுப்பவருக்கும் கிடைக்கும் வரிச்சலுகை பற்றியவை. சிகிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நிதி ஆயோக் தர்பண் எண்: தொண்டு நிறுவனங்கள் தங்கள் விவரங்களைப் பதிந்துகொண்டால் கிடைக்கும் அடையாள எண். ‘நிதி ஆயோக்கே அங்கீகரித்தது’ என்று இதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

உத்யம் பதிவு: சிறுதொழில் என்று பதிந்துகொண்டதற்கான சான்று. மாவு மில்லுக்கும் இது உண்டு.

ஐ.எஸ்.ஓ.: தனியார் தணிக்கை நிறுவனங்கள் தருவது. அரசு தருவதல்ல.

கலெக்டரோடு, அமைச்சரோடு எடுத்த போட்டோ: விழாவுக்கு வந்தார் என்பதற்குச் சான்று. அவ்வளவுதான்.

நோட்டீஸில் அசோகச் சின்னம் இருந்தால் இன்னும் உஷாராகுங்கள். தனியார் அமைப்புகள் அதைத் தங்கள் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

பார்க்க வேண்டிய காகிதம் எது?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே, இப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை போகும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் கொடுப்பது தற்காலிகப் பதிவு. விண்ணப்பம் வந்த பத்து நாளுக்குள் தந்துவிட வேண்டும். அதற்கு முன் விசாரணை எதுவும் தேவையில்லை என்கிறது சட்டம். ஆயுள் 12 மாதம். ஆகவே சான்றிதழைப் பார்க்கும்போது தற்காலிகமா, நிரந்தரமா, எந்தத் தேதி வரை, எந்த முகவரிக்கு என்று படித்துப் பாருங்கள். மதுரையில் உள்ள கட்டடத்துக்கு வாங்கிய பதிவு, தேனியில் திறந்த கிளைக்குச் செல்லாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

‘நாலு நாள் அறையில் போட்டுப் பூட்டினால் தன்னால் தெளிஞ்சிடும்’ என்று பலர் நினைக்கிறோம். வருஷக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு வரை போகலாம். இரண்டு, மூன்று நாளில் சிலருக்கு மனக்குழப்பம், இல்லாத உருவம் தெரிவது, காய்ச்சல், படபடப்பு எல்லாம் சேர்ந்து வரும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். அந்த நேரத்தில் தேவைப்படுபவை டாக்டர், நர்ஸ், சரியான மருந்து, தயாமின் என்ற பி1 வைட்டமின். பதிவு இருக்கிறதா என்று கேட்பது, இதெல்லாம் அங்கே இருக்கிறதா என்று கேட்பதற்குச் சமம்.

கேட்காமல் விட்டதன் விலையைத் தமிழ்நாடு பலமுறை கொடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல், 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2022-ல் சென்னை ராயப்பேட்டையில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் இருந்தவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவாகி, மையத்தைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் இருந்து 140-க்கும் அதிகமானோர் மீட்கப்பட்டார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒருவரைக் காணோம் என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான், உரிய உரிமம் இல்லாமல் அது நடந்தது ஊருக்கே தெரிந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

நமக்கு மட்டும் வரும் தலைவலி இல்லை இது. 1966-ல் தொடங்கிய நார்கோனான் என்ற அமைப்பு, சயின்டாலஜியை நிறுவிய ரான் ஹப்பார்டின் எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டு பல நாடுகளில் போதை மீட்பு மையங்கள் நடத்துகிறது. நீண்ட நேர நீராவிக் குளியலும் அதிக அளவு வைட்டமின்களும் அதன் முறை. பெரும்பாலானோர் குணமாகிவிடுகிறார்கள் என்பது அதன் விளம்பரம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில மனநல வாரியம் 1991-ல் இதை ஆராய்ந்து, பயனுள்ள சிகிச்சை அல்ல என்று சொல்லிச் சான்று தர மறுத்தது. ஆனாலும், ஒரு தனியார் தரச்சான்றைக் காட்டி, விதிவிலக்குப் பெற்று மையம் தொடர்ந்து நடந்தது. பின்னாளில் அதே மாநிலத்தில் அந்த அமைப்பின் மையத்தில் 2011-12-ல் ஒரு வருஷத்துக்குள் மூன்று பேர் இறந்து விசாரணை நடந்தது. கனடாவின் கியூபெக்கில் இருந்த அதன் மையத்தை 2012-ல் அங்குள்ள சுகாதார அமைப்பு மூட வைத்தது.

இதில் நமக்குப் பாடம் ஒன்றுதான். ‘சான்று இருக்கிறது’ என்றால், யார் கொடுத்தது என்று கேளுங்கள். ‘இத்தனை சதவிகிதம் குணம்’ என்றால், யார் எண்ணியது என்று கேளுங்கள்.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. “அண்ணே, மாநில மனநல ஆணையப் பதிவு எண் என்ன? சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா?” தயங்கினால் அதுவே பதில்.

2. மனநல மருத்துவர் யார், எந்தெந்த நாளில் வருகிறார்? ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்?

3. ஆளைப் பார்க்க, போனில் பேச விடுவீர்களா? ‘மூணு மாசத்துக்கு யாரும் பார்க்கக் கூடாது’ என்றால் நகர்ந்துவிடுங்கள்.

4. வீட்டுக்கு வந்து தூக்கிக்கொண்டு போவீர்களா? ‘நாலு ஆள் அனுப்புறோம்’ என்று பெருமையாகச் சொன்னால் வேண்டவே வேண்டாம். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவரைச் சேர்க்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். முதலில் 30 நாள்தான் வைத்திருக்கலாம். எந்த நிலையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது.

5. மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரி, போன் நம்பர் எங்கே ஒட்டியிருக்கிறது? அதை எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பது சட்டப்படி கட்டாயம்.

சந்தேகம் தீரவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்துக்கு எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

செலவில்லாத கதவுகள்

30 நாள் காத்திருக்க முடியாத நிலை என்றால், நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குக் கானாவிலக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களைத் தமிழ்நாடு அரசு 2025-ல் தொடங்கியது.

போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மத்திய அரசின் நிதியுதவி பெறும் மையம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று இங்கே கேட்கலாம். ‘எங்களுக்கு மத்திய அரசு நிதி வருது’ என்று யாராவது சொன்னால், அது உண்மையா என்றும் இதே எண்ணில் விசாரியுங்கள். மனம் உடைந்து போயிருக்கும் வீட்டாரும் பேசலாம் என்றால், 14416 டெலி மானஸ் இருக்கிறது. பகலோ இரவோ, தமிழிலேயே பேசலாம்.

நல்ல தனியார் மையங்களும் உண்டு. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை எத்தனையோ குடும்பங்களுக்கு வழி காட்டியிருக்கிறது. முறையாக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டதும் கோபப்பட மாட்டார்கள்.

குச்சனூரில் பஸ்ஸுக்கு நிற்கிற அந்த அக்காவுக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான். நோட்டீஸைக் கிழித்துப் போட வேண்டாம், பத்திரமாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பஸ் வருவதற்குள் அதில் உள்ள நம்பருக்குப் போட்டு, முதல் கேள்வியை மட்டும் கேளுங்கள் அக்கா. வீட்டுக்காரரை அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பதில் வந்த பிறகு முடிவு செய்யலாம்.