மலைக்கு மேலே ஒரு காவல், மலைக்குக் கீழே வயல்

நெய்க்காரப்பட்டி வட்டாரத்தில் கரும்புக்கும் தென்னைக்கும் நெல்லுக்கும் பாய்கிற தண்ணீரில் பெரும்பங்கு அந்த மண்ணில் பெய்த மழை அல்ல. தெற்கே நிமிர்ந்து நிற்கும் பழனி மலையில் பெய்த மழை. பழனிக்கு மேற்கே, அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் இந்த ஊர்கள் மழை மறைவில் இருப்பவை. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால்தான் குளம் தண்ணீர் பார்க்கும். கைகொடுக்காத ஆண்டில் ஓடை வறண்டு போகாமல் காப்பது மேல்மலையின் புல்லும் சோலையும்தான். ஆகவே கொடைக்கானலில் என்ன நடக்கிறது என்பது சுற்றுலாச் செய்தி மட்டுமல்ல, நெய்க்காரப்பட்டி விவசாயியின் கிணற்றுச் செய்தியும்கூட.

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீளும் ஒரு கிளை. கிழக்கு மேற்காகச் சுமார் 65 கிலோமீட்டர், வடக்குத் தெற்காக 40 கிலோமீட்டர். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர். உச்சியான வந்தரவு 2,533 மீட்டர். தென்சரிவின் தண்ணீர் வைகைக்குப் போகிறது. வடசரிவின் தண்ணீர் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு எனப் பல பெயர்களில் இறங்கி, அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. இந்த ஆறுகளை மறித்து அடிவாரத்தில் பாலாறு பொருந்தலாறு அணை, வரதமாநதி அணை, குதிரையாறு அணை என மூன்று அணைகள். நெய்க்காரப்பட்டி, பாப்பம்பட்டிப் பக்கத்து விவசாயிகள் கண் வைத்திருப்பது குதிரையாற்றின் மீது.

இந்தத் தண்ணீரை நம்பிய வேளாண்மை நேற்றுத் தொடங்கியதல்ல. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில், ஈமக்குழி ஒன்றில் ஜாடி நிறைய நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. மலையும் சமவெளியும் சேர்ந்தே வாழ்ந்ததற்கு இன்றைய சான்று பழனிப் பஞ்சாமிர்தம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தில் மலைச்சரிவின் விருப்பாச்சி வாழையும் சமவெளிக் கரும்பின் நாட்டுச்சர்க்கரையும் ஒன்றாகக் கரைகின்றன.

மேல்மலையின் இயற்கை அமைப்பு விசித்திரமானது. மலைமுகடுகளும் திறந்த சரிவுகளும் புல்வெளி. காற்று அடங்கிய மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. சோலை மரங்கள் குட்டை, அடர்த்தி, கிளையெங்கும் பாசி. கீழே உதிர்ந்த இலை மட்கி அடி கணக்கில் கருமண்ணாகக் கிடக்கும். மழைநீர் இங்கே ஓடுவதில்லை, இறங்குகிறது. புல்வெளியிலும் அப்படித்தான்: கொத்துக்கொத்தாக நெருங்கி வளரும் புல்லின் வேர்ப்பின்னல் மழையின் வேகத்தை வாங்கிக்கொள்ள, தண்ணீர் மண்ணுக்குள் கசிந்து சோலை மடிப்பில் ஊற்றாக வெளிவரும். அடிவார ஓடைகள் மழை நின்ற பிறகும் ஓடுவதன் காரணம் இதுதான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் இந்தப் புல்வெளியின் செடிதான். 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்தது 2030.

ஆனால் புல்வெளியைத் தரிசு என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்த சீகை மரமும் யூக்கலிப்டஸும், சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் பெரிய அளவில் நடப்பட்டன. பைன் மரங்களும் சேர்ந்துகொண்டன. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, சுமார் நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரு பங்கும், சோலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் அழிந்துவிட்டதாகக் கணக்கிட்டது. சாலையில் போகிறவருக்கு மலை முன்னைவிடப் பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சை கண்ணை ஏமாற்றும் பச்சை.

இந்த மாற்றங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து 1985இல் கொடைக்கானலில் தொடங்கியதுதான் பழனி மலைப் பாதுகாப்புக் குழு. அரசு அமைப்பும் அல்ல, பெரிய நிறுவனத்தின் கிளையும் அல்ல. நாற்றங்கால் வைத்து உள்நாட்டு மரக்கன்றுகள் வளர்ப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோலையைக் காட்டுவது, மலையில் நடப்பதை மக்களுக்கு எடுத்துச் சொல்வது என்று தொடங்கிய வேலை, விரைவில் நீதிமன்றம் வரை போயிற்று. மலையின் செடிகொடிகளை முழுமையாகப் பதிவுசெய்யும் பணியும் ஏறத்தாழ இதே காலத்தில் நடந்தது. திருச்சி ராபினட் உலர்தாவரக் காப்பகத்தை நடத்திய இயேசு சபைத் துறவி கே. எம். மேத்யூ பழனி மலைத் தாவரங்களைப் பற்றி 1999இல் வெளியிட்ட பெருநூல், எந்தச் செடி இம்மண்ணுக்கு உரியது என்பதில் வாதத்துக்கு இடமில்லாமல் செய்தது.

குழுவின் பெயரைத் தமிழகம் முழுக்க அறியச் செய்தது ஒரு ஓட்டல் வழக்கு. கொடைக்கானலின் ப்ளெசன்ட் ஸ்டே ஓட்டலுக்குக் கிடைத்த அனுமதி இரண்டு தளங்களுக்கு. எழும்பியதோ ஏழு தளம். மலைப்பகுதிக் கட்டட விதிகளிலிருந்து அதற்கு விலக்கு அளித்து 1994 மே மாதம் அரசாணை வந்தது. குழு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, விலக்கு ரத்தானது. உச்ச நீதிமன்றமும் 1995இல் குழுவின் பக்கமே நின்றது. அந்த விலக்கு பின்னர் ஊழல் வழக்காகி, 2000 பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனையை எதிர்த்து அன்று எழுந்த கலவரத்தில்தான் தருமபுரியில் பேருந்து எரிக்கப்பட்டு, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் உயிரிழந்தனர். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. அரசியல் பேச்சில் மிஞ்சியது இதுதான். மலைக்கு மிஞ்சியது வேறு: கட்டட விதி என்பது அரசு நினைத்தால் தளர்த்திக்கொள்ளும் சலுகை அல்ல என்ற தீர்ப்பு.

அடுத்தது பாதரசம். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்து 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம் மாறி வந்த வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. உடைந்த வெப்பமானிக் கண்ணாடி, பாதரசம் ஒட்டியபடியே பழைய இரும்புக் கடைக்கு விற்கப்பட்டது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதிக் கடை ஒன்றில் ஏழு டன்னுக்கு மேற்பட்ட கண்ணாடிக் கழிவு மூட்டைகளாகக் கிடந்ததைப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தன. கிழிந்த சாக்கு, சிதறிய கண்ணாடி, மண்ணில் உருண்ட வெள்ளித் துளிகள். பக்கத்தில் ஜனம் நடமாடும் தெரு. அந்த மாதமே ஆலை மூடப்பட்டது.

பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். மூச்சோடு உள்ளே போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நீர்நிலையில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் சேர்ந்து, மீனைத் தின்பவரிடம் வரும். 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு கிடைத்தது 2016 மார்ச்சில், அதாவது ஆலை மூடிப் பதினைந்து ஆண்டு கழித்து. அதற்கும் முந்தைய ஆண்டு சென்னைப் பாடகி சோபியா அஷ்ரப் இதைப் பற்றிப் பாடிய பாட்டு ஒன்று உலகெங்கும் பரவ வேண்டியிருந்தது. ஆலையின் பின்புறம் இறங்குவது பாம்பாறு சோலை; அந்தத் தண்ணீர் போவது தெற்கே வைகைப் பக்கம். வடக்கே நெய்க்காரப்பட்டிப் பக்கம் அது வராதது நில அமைப்பின் தயவு, மனித முன்யோசனை அல்ல.

ஓட்டலும் ஆலையும் கண்ணுக்குத் தெரிகிற எதிரிகள். அரசாணை ஒன்றைக் காட்டலாம், மூட்டையைப் படம் பிடிக்கலாம். புல்வெளி அழிவு அப்படி அல்ல. அதற்கு ஒரு நாளும் இல்லை, ஒரு குற்றவாளியும் இல்லை. சீகையை வெட்டி எறிந்தால் போதும் என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். ஆனால் சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். இன்னொரு பக்கம், பழைய சீகை, பைன் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வளர்வதும் கண்டறியப்பட்டது. வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை பல ஆண்டுகளாக வலியுறுத்தியது இதைத்தான். ஆகவே எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவிடுவது என்பதை இடத்துக்கு இடம் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். இயந்திரத்தை விட்டு மொத்தமாக அகற்றும் டெண்டர் இதற்கு உதவாது. இந்த விஷயத்தில் வெற்றி என்று சொல்ல இன்னும் எதுவும் இல்லை. 2013இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது பெரிய முன்னேற்றம்தான். சரணாலயத்தின் எல்லைக்குள்ளேயே சீகை நிற்கிறது என்பதும் உண்மை.

மலை மீதான சுமையும் குறையவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் வேலை நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. உச்சவரம்பே இவ்வளவு என்றால் அதற்கு முன் ஏறிய கூட்டத்தை ஊகித்துக்கொள்ளலாம். தங்கும் விடுதிக்குத் தண்ணீர் வேண்டும், கழிவு எங்காவது போக வேண்டும். இரண்டுமே ஓடையைத்தான் தேடும். அடிவாரத்தில் இதன் மறுபக்கம் தெரிகிறது. காட்டில் தீனியும் தண்ணீரும் குறையும்போது காட்டுப்பன்றி கரும்புக்குள் வருகிறது, யானை தென்னந்தோப்புக்கு இறங்குகிறது. அகழி வெட்டு, சூரியசக்தி வேலி போடு என்று கோரிக்கை எழுவது நியாயமே. ஆனால் மேலே சரிவு கெட்டுக்கொண்டே போனால் கீழே எத்தனை அகழி வெட்டினாலும் விவசாயிக்கு நிம்மதி இராது.

கொடைக்கானலில் ஒரு சிறு குழு செய்து காட்டியதில் மந்திரம் எதுவும் இல்லை. அரசாணையைப் படித்தார்கள், அளவுகளைக் குறித்தார்கள், குறித்ததை ஊரறியச் சொன்னார்கள், தேவைப்பட்டபோது வழக்குப் போட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே இவ்வளவும் நடந்தது. இன்று அந்தச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது. அணை நீர்மட்டம் நாள்தோறும் பதிவாகிறது. பாப்பம்பட்டி போன்ற சுற்றுவட்டாரக் கிராமங்களில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராமசபை கூடுகிறது. குதிரையாறு அணைக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியில் எவ்வளவு புல்வெளி மிஞ்சியிருக்கிறது, சீகை எவ்வளவு, வனத்துறையின் திட்டம் என்ன என்று கேட்டு அந்தச் சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் சில கையெழுத்துகளும்தான்.